ராக்கி ஃப்ளாட்ஸ் போராட்ட வரலாற்றை எழுதுவது எப்படி: தேதி, மண், கூட்டம், கோப்பு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருந்தது ராக்கி ஃப்ளாட்ஸ் ஆலை. 1952-இல் உற்பத்தி தொடங்கியது. அணுகுண்டின் நடுவில் வைக்கும் புளூட்டோனியக் கருவை வார்த்து, கடைந்து, பொருத்திக் கொடுப்பதுதான் அதன் வேலை. முதலில் டவ் கெமிக்கல், 1975 நடுவிலிருந்து ராக்வெல் இன்டர்நேஷனல் என்று தனியார் நிறுவனங்கள் அரசுக்காக அதை நடத்தின. 1989-இல் எஃப்.பி.ஐ. உள்ளே புகுந்து சோதனை போட்டது. 1992-இல் குண்டு தயாரிப்புப் பணியே அங்கு நின்றுபோனது. 2005 அக்டோபரில், சுமார் 700 கோடி டாலர் செலவில், துப்புரவு முடிந்ததாக அறிவித்தார்கள்.

அந்த ஆலையை எதிர்த்து அக்கம்பக்கத்து மக்கள் நடத்திய போராட்டத்தைத் தமிழில் எழுத நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் கிடைக்கிறது. ஊரில் இருந்தபடியே நிறைய எடுத்துவிடலாம். எடுத்ததைச் சரிபார்ப்பதுதான் உண்மையான உழைப்பு. பல கட்டுரைகளில் இந்தப் போராட்டம் இரண்டே படங்களாகச் சுருங்கிவிடுகிறது: தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், வேலியைச் சுற்றிக் கைகோத்து நிற்பவர்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் மண்ணை அள்ளி அளந்தவர்களையும், கூட்டக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படித்து எதிர்க்கேள்வி கேட்டவர்களையும் விட்டுவிட்டு எழுதினால் பாதி வரலாறுதான் மிஞ்சும். அதனால் கீழே சொல்லும் வேலை முறை முழுக்க ஒரே விதியில் நிற்கிறது: ஒவ்வொரு போராட்டத்துக்குப் பக்கத்திலும் அதற்குக் காரணமான அளவீட்டையோ ஆவணத்தையோ வைக்க வேண்டும்.

முதல் வேலை: இரண்டு தேதி போடும் அட்டவணை

எழுத உட்காருவதற்கு முன் ஒரு விரிதாள் திறந்து ஆறு பத்திகள் போடுங்கள். நடந்த நாள், மக்களுக்குத் தெரிந்த நாள், வெளிக்கொண்டு வந்தவர், ஆவணம், அதற்கு எதிரான ஆவணம், உறுதி நிலை. இரண்டாவது பத்தியை யாரும் போடுவதில்லை. அணு ஆயுத ஆலை வரலாற்றில் அதுதான் உயிர்நாடி. ஒரு விபத்து நடந்ததற்கும் மக்கள் எழுந்ததற்கும் நடுவே பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கும். அந்த இடைவெளியைக் காட்டாமல் எழுதினால், "1957-இல் தீ பிடித்தது, பிறகு மக்கள் போராடினார்கள்" என்று வாசகருக்குத் தவறான படம் போய்ச்சேரும்.

மூன்று வரிகளை நிரப்பிப் பார்த்தாலே விஷயம் விளங்கும். 1957 செப்டம்பர் 11 இரவு, 771-ஆம் கட்டடத்தில் கையுறைப் பெட்டிக்குள் (வெளியே இருந்தபடி கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டி) இருந்த புளூட்டோனியம் தீப்பிடித்தது. காற்று வடிகட்டிகளும் எரிந்தன. அடுத்து, 1958 முதல் 903 என்ற திறந்த வெளியில், புளூட்டோனியம் கலந்த வெட்டெண்ணெயும் கரைப்பானும் அடைத்த பீப்பாய்கள் 5,000-க்கு மேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை துருப்பிடித்துக் கசிந்தன. பீப்பாய்களை அகற்றி, 1969-இல் மேலே தார் போட்டு மூடுவதற்குள் காற்று அந்த மண்ணைக் கிழக்கே வாரிக்கொண்டு போயிருந்தது. மூன்றாவது, 1969 மே 11, ஞாயிற்றுக்கிழமை, 776-777 கட்டடத் தீ.

மூன்றாவதன் புகைதான் முதல் இரண்டையும் காட்டிக்கொடுத்தது. போல்டரில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தின் கதிர்வேதியியலாளர் எட்வர்ட் மார்ட்டெல், கொலராடோ சுற்றுச்சூழல் தகவல் குழு என்ற விஞ்ஞானிகள் குழுவில் இருந்தவர். 1969 தீயில் வெளியே ஏதாவது வந்ததா என்று பார்க்க ஆலைக்கு வெளியே மண் எடுத்து அளந்தார்கள். புளூட்டோனியம் கிடைத்தது. ஆலைக்குப் பொறுப்பான அரசு அமைப்பான அணுசக்தி ஆணையம் அளவீட்டை மறுக்கவில்லை. அது புதிய தீயால் வந்ததில்லை, பழைய பீப்பாய்க் கசிவாலும் 1957 தீயாலும் வந்தது என்று விளக்கம் கொடுத்தது. தற்காப்பாகச் சொன்ன அந்த விளக்கமே பெரிய வெளிப்பாடாகிவிட்டது. ஆகவே முதல் இரண்டு வரிகளுக்கும் "மக்களுக்குத் தெரிந்த நாள்" 1970 என்றுதான் வரும். 1974-இல் ராக்கி ஃப்ளாட்ஸ் செயல் குழு உருவானதையும், அதே ஆண்டு ஆளுநராகத் தேர்வான ரிச்சர்ட் லாம், அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினராகத் தேர்வான டிம் வர்த் இருவரும் ஆய்வுக் குழு அமைத்ததையும் இந்த 1970-க்குப் பிறகு வைத்தால்தான் காரண காரியம் சரியாக அமையும். நடுவில் 1973-இல் ட்ரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த நீர் ஓடையில் இறங்கி, புரூம்ஃபீல்ட் ஊரின் குடிநீர்த் தேக்கம் வரை போனது. பலருக்கு ஆலை என்பது தூரத்து வேலியாக இருந்தது போய் வீட்டுக் குழாய் விஷயமானது அப்போதுதான்.

தேதி போட்டதும் கிழமையையும் சரிபாருங்கள். பெரிய போராட்டங்கள் நடந்த 1978 ஏப்ரல் 29, 1979 ஏப்ரல் 28, 1983 அக்டோபர் 15 மூன்றும் சனிக்கிழமைகள். ஒரு நினைவுக் குறிப்பு "வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம்" என்று சொன்னால், அவர் பேசுவது பேரணியைப் பற்றி இல்லை, தண்டவாள மறியலைப் பற்றி இருக்கலாம்.

பெயர் மாறினால் தேடல் பொய்க்கும்

ஆவணக் காப்பகத்தில் "771" என்று தேடி 1957 தீ பற்றி ஒன்றும் வரவில்லை என்று கைவிட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் அந்தக் கட்டடத்தின் எண் 71. முன்னால் ஓர் இலக்கம் பின்னாளில்தான் சேர்ந்தது. 76 என்பதே 776. இரண்டு எண்களாலும் தேடுங்கள்.

அரசு அமைப்பின் பெயரும் அப்படியே. 1975 ஜனவரி வரை அணுசக்தி ஆணையம். பிறகு இரண்டே முக்கால் ஆண்டு அளவுக்கு ஆற்றல் ஆராய்ச்சி, மேம்பாட்டு நிர்வாகம். 1977 அக்டோபர் முதல் ஆற்றல் துறை. ஆலையின் பெயரிலும் 1994-க்குப் பின் "சுற்றுச்சூழல் தொழில்நுட்பத் தளம்" என்று வால் ஒட்டிக்கொண்டது. நடத்திய நிறுவனம் டவ், ராக்வெல், ஈ.ஜி. அண்ட் ஜி., கைசர்-ஹில் என்று மூன்று முறை கைமாறியது. 1973 ட்ரிடியம் கசிவுக்கு ராக்வெல்லைப் பொறுப்பாக்கி எழுதுவது அடிக்கடி வரும் பிழை. அப்போது நடத்தியது டவ். விரிதாளின் இன்னொரு தாளில் இந்தக் கால வரிசையை எழுதி, ஒவ்வொரு சம்பவத்தையும் அதோடு ஒத்துப் பாருங்கள்.

மண்ணின் எண்கள்

அதிகப் பிழை நடக்கும் இடம் இதுதான். நிதானமாகப் போங்கள். அறுபது ஆண்டு ஆவணங்களில் புளூட்டோனிய அளவு குறைந்தது நான்கு அலகுகளில் வரும்: ஒரு கிராம் மண்ணில் நிமிடத்துக்கு எத்தனை அணுச் சிதைவு, ஒரு கிராமுக்கு எத்தனை பிகோகியூரி, ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கரல், ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிகியூரி. முதல் மூன்றையும் மாற்றுவது எளிது. 1 பிகோகியூரி என்றால் நிமிடத்துக்கு 2.22 சிதைவு, அல்லது 0.037 பெக்கரல்.

1973-இல் கொலராடோ மாநிலம் வைத்த வரையறை கிராமுக்கு நிமிடத்துக்கு 2 சிதைவு. 2003-இல் துப்புரவுக்கு முடிவான எண் கிராமுக்கு 50 பிகோகியூரி. 2, 50 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி "25 மடங்கு" என்று போட்டால் தப்பு. முதல் எண் 0.9 பிகோகியூரி. வித்தியாசம் 55 மடங்குக்கு மேல். அதோடு முதல் எண், அதற்கு மேல் இருந்தால் கட்டடம் கட்ட விசேஷ முறை வேண்டும் என்ற எல்லை. இரண்டாவது, அதற்கு மேல் இருந்தால் மண்ணை அகற்ற வேண்டும் என்ற எல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை. மடங்கைச் சொல்லலாம், இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒப்பீட்டுக்கு இன்னோர் எண்ணும் கையில் இருக்கட்டும். உலகெங்கும் நடந்த வளிமண்டலக் குண்டுச் சோதனைகளின் எச்சமாக அந்தப் பகுதி மண்ணில் எப்படியும் இருக்கும் அளவு சுமார் 0.04 பிகோகியூரி.

நான்காவது அலகில் ஆழம் ஒளிந்திருக்கிறது. மார்ட்டெல் குழு மேல் 1 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்தது. காற்றில் பறப்பதும் நுரையீரலுக்குள் போவதும் மேல்மண்தான் என்பது அவர்கள் வாதம். ஆணையத்தின் ஆய்வகம் 20 சென்டிமீட்டர் ஆழம் எடுத்தது. மொத்தம் எவ்வளவு தரையில் கிடக்கிறது என்று கணக்கிட அது ஏற்ற முறை. இரண்டும் நேர்மையான அளவீடுகள். ஆனால் ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு நேராக ஒப்பிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு 1 மில்லிகியூரி என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.1 பிகோகியூரி. மண் அடர்த்தி 1.5 என்று வைத்தால், 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரின் கீழ் 30 கிராம் மண் இருக்கிறது. கிராமுக்கு 0.0033 பிகோகியூரி வரும். அதே புளூட்டோனியம் மேல் 1 சென்டிமீட்டரிலேயே கிடந்தால் 0.067. இருபது மடங்கு. "அரசு குறைத்துக் காட்டியது" என்றோ "ஆர்வலர்கள் ஊதிக் காட்டினார்கள்" என்றோ எழுதும் முன், மாதிரி எடுத்த ஆழத்தைத் தேடிப் பாருங்கள். பல சண்டைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜெஃபர்சன் மாவட்டச் சுகாதார இயக்குநராக 1973 முதல் இருந்த டாக்டர் கார்ல் ஜான்சன், மூச்சில் போகக்கூடிய நுண்தூசியை மட்டும் பிரித்து அளந்தார். அவர் எண்கள் மற்றவர்களின் எண்களைவிட உயர்ந்து நிற்பதற்கு அது ஒரு காரணம்.

ஜான்சனை எழுதும்போது இரண்டு பக்கத்தையும் வையுங்கள். காற்று வீசும் திசையில் இருந்தவர்களிடம் புற்றுநோய் கூடுதல் என்று அவர் 1981-இல் வெளியிட்டார். அதே ஆண்டு பதவியிலிருந்து விலகும்படி ஆனது. 1987-இல் வந்த ஒரு மறு ஆய்வு, அந்தக் கூடுதலுக்குக் காரணம் ஆலையிலிருந்து உள்ள தூரமில்லை, நகர மையத்தில் வாழ்வதோடு சேர்ந்த காரணிகள் என்றது. இந்த மறு ஆய்வைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கட்டுரையை எதிர்ப்பவர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். சொன்னால் ஜான்சனின் துணிச்சல் ஒன்றும் குறைந்துவிடாது. ஓர் அரசு மருத்துவர், தன் மாவட்டத்தின் வீட்டுமனைத் திட்டங்களுக்கு எதிராகவே மண் பரிசோதனையை முன்வைத்தார் என்பது ஆவணத்தில் உள்ள செய்தி.

ஒற்றை மாதிரியில் மயங்காதீர்கள். 2019-இல் தளத்தின் கிழக்கு ஓரத்தில், ஜெஃபர்சன் பார்க்வே சாலைக்காக எடுத்த மண் மாதிரிகளில் ஒன்று கிராமுக்கு 264 பிகோகியூரி காட்டியது. அதே மாதிரியின் இன்னொரு பங்கை அளந்தபோது 1.5. ஆய்வகம் தடுமாறியது என்று நினைக்கத் தோன்றும். புளூட்டோனிய ஆக்சைடு துகளாகத்தான் மண்ணில் கிடக்கிறது, உப்புப் போலக் கரைந்து பரவியிருப்பதில்லை. 10 மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுள்ள ஒரே ஒரு துகள், 1 கிராம் மண்ணில் 260 பிகோகியூரி காட்டப் போதும். அது எந்தப் பங்கில் விழுகிறதோ அங்கே எண் எகிறும். ஆகவே 264 என்று மட்டும் எழுதுவதும் 1.5 என்று மட்டும் எழுதுவதும் ஒரே அளவு பிழை. இரண்டையும், துகள் விளக்கத்தோடு எழுதுங்கள். அந்த முடிவுக்குப் பிறகு 2020 தொடக்கத்தில் புரூம்ஃபீல்ட் அந்தச் சாலைத் திட்டத்திலிருந்து விலகியது.

கூட்டத்தை எண்ணுதல்

1978 ஏப்ரல் 29 பேரணிக்கு 5,000, 6,000 என்று பதிவுகள் சொல்கின்றன. அன்று ஆலைக்குப் போகும் தண்டவாளத்தில் அடையாளமாக உட்காரப் போன சிலர் எழுந்திருக்கவே இல்லை. ட்ரூத் ஃபோர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, கூடாரம் போட்டு, பனியிலும் மழையிலும் மாதக்கணக்கில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். கைதானால் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். வியட்நாம் போர் பற்றிய பென்டகன் இரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் போன்றோர் கைதானதும் இந்த மறியலில்தான். 1979 ஏப்ரல் 28 பேரணிக்கு 15,000 அளவில் கூட்டம். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, மார்ச் 28-இல், பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நடந்திருந்தது. கூட்டம் பெருகியதற்குக் காரணம் தேடும்போது இதை விட்டுவிடக் கூடாது.

எண்ணிக்கை விஷயத்தில் அமைப்பாளர், காவல்துறை, செய்தித்தாள் மூன்றையும் தனித்தனியாக எழுதி, சராசரி எடுக்காமல் அப்படியே கொடுங்கள். முடிந்தால் இடத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1983 அக்டோபர் 15-இல் ஆலையைச் சுற்றி மனிதச் சங்கிலி. சுற்றளவு 17 மைல், அதாவது 27.36 கிலோமீட்டர். கைகோத்துச் சாதாரணமாக நிற்கும் ஒருவர் 1.3 மீட்டர் அடைப்பார் என்றால் 21,000 பேர் வேண்டும். கையை நன்றாக நீட்டி 1.5 மீட்டர் என்றால் 18,000. வந்தவர்கள் 15,000 முதல் 17,000 வரை என்று பதிவுகள். அப்படியானால் ஆளுக்கு 1.6 முதல் 1.8 மீட்டர் விழுகிறது. முழு நீளத்துக்கும் கையை விரித்து நின்றாலும் எட்டாத இடம் இருக்கும். சங்கிலியில் ஆங்காங்கே இடைவெளி விழுந்தது என்று சொல்லும் பதிவுகளோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. "ஆலையை முழுதாகச் சூழ்ந்தார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். இடைவெளியோடு எழுதினாலும் அது மாபெரும் நிகழ்ச்சிதான்.

நீதிமன்றக் கட்டுகள்

மறியல்காரர்கள் மீதான வழக்கு 1978 நவம்பரில் கோல்டன் நகரில் நடந்தது. பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய சட்டமீறல் செய்தோம் என்ற தற்காப்பை எடுத்தார்கள். அத்துமீறி நுழைந்த குற்றத்துக்குத் தீர்ப்பு எதிராகவே வந்தது. தீர்ப்போடு நிறுத்தாமல் சாட்சியப் பதிவைத் தேடுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் தோற்ற பக்கத்தின் சாட்சியங்கள்தான் வரலாற்றாளருக்கு விளைச்சல்.

1989 ஜூன் 6 சோதனை வேறு வகை. எஃப்.பி.ஐ.யும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 70-க்கும் மேற்பட்டோருடன் ஆலைக்குள் போயின. அந்த ஆகஸ்டில் சிறப்புப் பெருநடுவர் குழு (சாட்சியம் கேட்டு, வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) கூடியது. தலைவர் வெஸ் மெக்கின்லி, ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். இரண்டரை ஆண்டு சாட்சியம் கேட்டுவிட்டு, தனிநபர்கள் மீதும் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று குழு நின்றது. அரசு வழக்கறிஞர் கையெழுத்திட மறுத்தார். 1992 மார்ச்சில் ராக்வெல் 10 குற்றங்களை ஒப்புக்கொண்டு 1 கோடியே 85 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. குழு எழுதிய அறிக்கைக்கு நீதிமன்றம் முத்திரை வைத்தது. அதன் பகுதிகள் 1992-இல் கசிந்து டென்வர் வார இதழ் ஒன்றில் வந்தன. 1993 ஜனவரியில் வெட்டிச் சுருக்கிய வடிவம் அதிகாரபூர்வமாக வெளியானது. இங்கே எழுதுபவர் நான்கு வகையைப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்: ராக்வெல் ஒப்புக்கொண்டது, அரசு குற்றம் சாட்டியது, குழு தன் அறிக்கையில் எழுதியது, கசிந்து வந்தது. நள்ளிரவில் கழிவு எரிக்கும் உலையை இயக்கினார்கள் என்பது போன்ற குற்றச்சாட்டுகளை, ஒப்புக்கொண்ட குற்றங்களோடு கலந்து எழுதுவது இந்தத் துறையின் தீராத நோய்.

வீட்டுக்காரர்கள் தொடுத்த குக் எதிர் ராக்வெல் வழக்கின் எண் 90-சிவி-00181. 1990-இல் தாக்கல், 2006-இல் நடுவர் தீர்ப்பு மக்களுக்குச் சாதகம், 2010-இல் மேல்முறையீட்டில் ரத்து, 2015-இல் மறுபடி உயிர்பெற்று, 2016-இல் 37.5 கோடி டாலருக்கு உடன்பாடு. இது நிலமதிப்பு இழப்புக்கான வழக்கு. "புற்றுநோய் இழப்பீடு" என்று எழுதினால் தவறு. ஊழியர்களின் நோய்க்கான இழப்பீடு 2000-இல் வந்த வேறொரு சட்டத்தின் கீழ் வருவது. மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். கீழ்நீதிமன்றக் கோப்புகளுக்கு பேசர் என்ற கட்டணத் தளம் இருக்கிறது: பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. 1990-களின் தாள்கள் அதில் பெரும்பாலும் ஸ்கேன் ஆகியிருக்காது. பட்டியலைப் பார்த்து ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு காப்பகத்துக்கு எழுத வேண்டியிருக்கும்.

தகவல் கேட்டு எழுதுதல்

அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் யாரும் விண்ணப்பிக்கலாம், அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. ராக்கி ஃப்ளாட்ஸ் தாள்கள் இப்போது ஆற்றல் துறையின் மரபு மேலாண்மைப் பிரிவின் பொறுப்பில் இருக்கின்றன. "1957 தீ பற்றிய எல்லாம்" என்று கேட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருள், ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, ஆவண வகை, பழைய புதிய கட்டட எண் இரண்டும் எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு வரை தருவீர்கள் என்று ஒரு தொகையைக் குறிப்பிடுங்கள், பொதுநலனுக்காகக் கட்டண விலக்கும் கேளுங்கள். விலக்கு வேண்டுமென்றால், கிடைப்பதை எங்கே, யாருக்காக வெளியிடப் போகிறீர்கள் என்று திட்டவட்டமாக எழுத வேண்டும்.

பதிலுக்குச் சட்டப்படி 20 வேலை நாள். நடைமுறையில் அது ஓர் ஒப்புகைக் கடிதமாகத்தான் வரும். மறுத்தால் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் உண்டு. கருப்படித்த பக்கத்தின் ஓரத்தில் உள்ள விலக்கு எண்ணைப் பாருங்கள். 1 என்றால் தேசப் பாதுகாப்பு. 3 என்றால் வேறொரு சட்டம், இங்கே பெரும்பாலும் அணுசக்திச் சட்டம். 6 என்றால் தனிநபர் அந்தரங்கம். குண்டின் வடிவமைப்பு உள்ள பக்கம் எந்த மேல்முறையீட்டிலும் வராது. காற்றில் போனது, நீரில் போனது, வடிகட்டியில் தங்கியது பற்றிய பக்கங்களுக்காக மட்டும் மேல்முறையீடு செய்யுங்கள். நீதிமன்றமும் காங்கிரஸும் இந்தச் சட்டத்துக்குள் வராது. பெருநடுவர் குழுத் தாள்களை இதில் கேட்பது வீண். மாநிலச் சுகாதாரத் துறையின் தாள்களுக்கு கொலராடோவின் தனிச் சட்டம் இருக்கிறது, அங்கே பதில் வேகமாக வரும்.

குரல்களும் துண்டறிக்கைகளும்

புதிதாக ஒலிப்பதிவு செய்யக் கிளம்பும் முன் ஏற்கெனவே இருப்பதைக் கேளுங்கள். போல்டர் பொது நூலகத்தின் மரியா ராஜர்ஸ் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில் ஆலைத் தொழிலாளர், ஆர்வலர், அதிகாரி, அண்டை வீட்டார் எனப் பலரின் நீண்ட பேட்டிகள் இணையத்திலேயே உள்ளன. தொழிலாளர் பேட்டிகளைத் தவிர்த்துவிட்டு எழுதாதீர்கள். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர்களுக்கு அது சோறு போட்ட ஆலை. வாசலில் நின்ற கூட்டத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதும், கதிர்வீச்சை முதலில் வாங்கியது அவர்கள் உடல்தான் என்பதும் சேர்ந்தே வர வேண்டும்.

நீங்களே பதிவு செய்வதானால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 520 எம்.பி. ஆகும். ஒப்புதல் படிவத்தைப் பேட்டிக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். அதில் மூன்று விருப்பம் இருக்கட்டும்: முழுதாக வெளியிடலாம், பெயர் இல்லாமல் வெளியிடலாம், குறித்த ஆண்டுக்குப் பின் வெளியிடலாம். முன்னாள் ஊழியரிடம் ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இரகசியக் காப்பு உறுதிமொழி வேலையை விட்ட பிறகும் அவரைக் கட்டும், ஆகவே தயாரிப்பு நுணுக்கத்தைக் கேட்கப் போவதில்லை. அதைச் சொன்ன பிறகுதான் பலர் சகஜமாகப் பேசத் தொடங்குவார்கள். நினைவில் 1978-உம் 1979-உம் ஒன்றாகிவிடுவது சர்வசாதாரணம். "எந்த வருஷம்?" என்று கேட்பதைவிட, "த்ரீ மைல் ஐலண்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் ஆண்டு தானே விழும்.

எழுபதுகளின் துண்டறிக்கைகள் பல ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் என்ற நகல் எந்திரத்தில் உருட்டி எடுத்தவை. மங்கிய ஊதா எழுத்தைக் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் பாதி எழுத்து காணாமல் போகும். வண்ணத்தில், 400 டிபிஐ-யில் எடுங்கள். புகைப்படத்துக்கு 600. ஏ4 அளவு வண்ணப் படம் 600 டிபிஐ டிஃப் கோப்பாக 100 எம்.பி.யைத் தாண்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். தேதி, அச்சகம், கையால் எழுதிய தொலைபேசிச் சங்கிலி எல்லாம் அங்கேதான் இருக்கும். தனிநபர் எண்களையும் முகவரிகளையும் வெளியிடும் பிரதியில் மறைத்துவிடுங்கள்.

651-லிருந்து 50 வரை

ஆலை நின்றதோடு பெரும்பாலான கட்டுரைகளும் நின்றுவிடுகின்றன. மக்கள் போராட்டத்தின் மிக நுட்பமான பகுதி அதற்குப் பிறகுதான் நடந்தது, கோஷம் இல்லாமல், கூட்ட அறைகளில். 1996-இல் ஆற்றல் துறையும் ஒழுங்குமுறை அமைப்புகளும் மண்ணில் விட்டுவைக்கலாம் என்று வைத்த எண் கிராமுக்கு 651 பிகோகியூரி. எதிர்ப்பு கிளம்பியது. 1983-இல் தொடங்கிய ராக்கி மவுண்டன் அமைதி மையத்தின் லெராய் மூர் போன்றோர் தாள் தாளாக வாதாடினார்கள். குடிமக்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்று அமைந்தது. ஆற்றல் துறைப் பணத்தில், ஆனால் குழுவே தேர்ந்தெடுத்த ஆய்வாளர்களை வைத்து, அந்த எண்ணை மறுபடி கணக்கிட்டார்கள். ஜான் டில் தலைமையிலான ஆய்வுக் குழு 2000-இல் கொடுத்த எண் 35.

ஒரே மண், ஒரே புளூட்டோனியம். எண் மட்டும் 18 மடங்குக்கு மேல் மாறியது எப்படி என்பதை வாசகருக்குப் புரியவைப்பதுதான் இந்தப் பகுதியின் வேலை. இரண்டு கணக்கையும் எதிரெதிரே வைத்து அனுமானங்களை வரிசையாக எழுதுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு வரை பரவாயில்லை என்று வைத்தார்கள்? அங்கே வாழ்பவர் யார்: வந்து போகும் ஊழியரா, குடும்பத்தோடு நிலத்தில் கிடக்கும் பண்ணைக்காரரா? காற்றில் எவ்வளவு தூசி? புல்வெளி தீப்பிடித்து எரிந்து, வெற்று மண்ணைக் காற்று வாரினால் என்ன ஆகும் என்று பார்த்தார்களா? கடைசிக் கேள்வியைக் கணக்குக்குள் கொண்டுவந்தது குடிமக்கள் பக்க ஆய்வு. அந்தச் சமவெளியில் மேற்கு மலையிலிருந்து வரும் காற்றின் வேகம் தெரிந்தவர்களுக்கு அது கற்பனைக் கேள்வி இல்லை.

2003-இல் முடிவான எண் 50, மேல் 3 அடி மண்ணுக்கு மட்டும். அதற்குக் கீழே இந்த வரம்பு பொருந்தாது. இதை எழுதாமல் "50-க்குக் குறைத்தார்கள்" என்று மட்டும் சொன்னால் முழு வெற்றி போலத் தெரியும். 2001 சட்டப்படி நிலத்தின் பெரும்பகுதி வனவிலங்குப் புகலிடமானது. 2018 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நடுவில் ஆலை இருந்த சுமார் 1,300 ஏக்கர் இன்றும் ஆற்றல் துறையின் வேலிக்குள். பல பள்ளி மாவட்டங்கள் மாணவர்களை அங்கே சுற்றுலா அனுப்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கின்றன.

வெளியிடும் முன்

முதல் வரைவை இரண்டு பேரிடம் கொடுங்கள்: அலகு மாற்றங்களை மட்டும் பார்க்க இயற்பியல் தெரிந்த ஒருவர், குற்றச்சாட்டா ஒப்புதலா என்று மட்டும் பார்க்கச் சட்டம் தெரிந்த ஒருவர். அதன் பிறகு விரிதாளில் உறுதி நிலை "ஒரே ஆதாரம்" என்று நிற்கும் வரிகளை எடுத்து, அந்தத் தகவலைக் கட்டுரையில் யார் சொன்னார் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறோமா என்று பாருங்கள். ஸ்கேன்கள், ஒலிக்கோப்புகள், விரிதாள் மூன்றையும் மூன்று பிரதி வையுங்கள். ஒன்று உங்கள் வட்டில், ஒன்று இன்னொரு வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கட்டும்: 1978-04-29 என்று. திருத்தம் வந்தால் பழைய கோப்பின் மேல் எழுதாமல் புதிய பதிப்பு எண் போட்டுச் சேமியுங்கள். 2019 மண் மாதிரிகளைப் போல இன்னும் புதிய எண்கள் வந்துகொண்டுதான் இருக்கும். எந்தப் பதிப்பில் எந்த எண் சேர்ந்தது என்று அடுத்து எடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.